பத்து லட்சத்துக்குப் பதினேழு குறைவு

மூன்றால் போகாது. ஏழால் போகாது, பதினொன்றால் போகாது, பதின்மூன்றால் போகாது, முப்பத்தேழாலும் போகாது. இதையெல்லாம் உள்ளே நேர்காணலில் சொன்னேன். சொன்னது சரிதான். சொல்லச் சொல்ல மூன்று பேரும் தலையாட்டினார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த வெள்ளை மீசைக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார், ஜன்னல் பக்கம் இருந்த மேடம் ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தார். அதற்குப் பிறகு என்னவோ ஆகிவிட்டது. பாத்திரம் விழுந்தால் சத்தம் கேட்கும், எது விழுந்தது என்று திரும்பிப் பார்க்கலாம். இது சத்தமில்லாமல் விழுந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், மேடம் மேஜையைப் பார்த்தார், மூன்றாமவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சரி, வெளியே காத்திருங்கள் என்று இங்கிலீஷில் சொன்னார்கள். நான் தேங்க்யூ சார், தேங்க்யூ மேடம், தேங்க்யூ சார் என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் போகக் கூடாதாம். இந்த வருஷம் ஆராய்ச்சிப் படிப்புக்கு யார் யாரை எடுத்துக்கொள்கிறார்கள் என்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுவார்களாம். எடுத்துக்கொண்டால் ஐந்து வருஷம் இந்தக் கட்டிடத்தில் உட்கார்ந்து எண்களைப் பற்றி யோசிக்கலாம், அதற்கு உதவித்தொகையும் தருவார்கள். இல்லையென்றால் சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்துக்காரர் வரச் சொல்லியிருக்கிறார், ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சராக. ஆறாம் வகுப்பு மோசமில்லை. ஆறாம் வகுப்பில்தான் எனக்கே பகா எண் என்ற சொல் தெரிந்தது.

அந்த எண் 9,99,983. இது பகா எண்ணா, எப்படிக் கண்டுபிடிப்பாய், விடை வேண்டாம், வழியைச் சொல் என்றார் மீசைக்காரர். பலகையில் அவரே எழுதினார். பார்த்ததும் எனக்கு அந்த எண் பிடித்துவிட்டது. ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்று ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று. இன்னும் பதினேழு கிடைத்தால் பத்து லட்சம். வாசல்வரை வந்து செருப்பைக் கழற்றாமல் நிற்கிற ஆள் மாதிரி. பதினேழுதான், யாராவது கொடுத்தால் உள்ளே போய்விடலாம், கொடுத்துவிட்டால் அப்புறம் அது பத்து லட்சம், எல்லோரும் எப்படி வேண்டுமானாலும் பங்குபோட்டுக்கொள்ளலாம், இரண்டாக, ஐந்தாக, பத்தாக. பதினேழு குறைவதால்தான் அது யாராலும் பங்குபோட முடியாமல் தானாக நிற்கிறது என்று நினைத்தேன். இதைச் சொல்லவில்லை. இது கணக்கில்லை. கணக்கை மட்டும் சொன்னேன். பத்து லட்சத்தில் ஒன்று போனால் ஆறு ஒன்பதுகள், அந்த ஆறு ஒன்பதுகளை மூன்றும் ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும் முப்பத்தேழும் வகுக்கும், நம் எண் அதைவிடப் பதினாறு குறைவு, அதனால் இவற்றில் பதினாறை வகுக்கிறவை மட்டும்தான் இதையும் வகுக்க முடியும், பதினாறை இவற்றில் எதுவும் வகுக்காது, இந்த ஐந்து எண்களையும் ஒரே மூச்சில் தள்ளிவிடலாம். அப்போதுதான் மேடம் சிரித்தார். நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்பில் அப்படியே எழுந்து வந்திருக்க வேண்டும்.

“என்னட்டி, மூஞ்சி இப்படி இருக்கு?” என்று அண்ணன் கேட்கிறான். அவன் பெஞ்சின் அந்த ஓரத்தில் முதுகை நிமிர்த்தி, முழங்கால்களைச் சேர்த்து, பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்க உட்கார்ந்தது மாதிரி உட்கார்ந்திருக்கிறான். லோடு ஆட்டோவில் ஒரு காலைத் தூக்கி வைத்து ஓட்டுகிற ஆள். இங்கே வந்ததிலிருந்து சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பொத்தான் போட்டிருக்கிறான், யாரும் சொல்லவில்லை. ஒண்ணுமில்லண்ணே என்கிறேன். “கேட்டதுக்கெல்லாம் சொல்லிட்டல்ல?” சொல்லிட்டேன். “பொறவென்ன?” தெரியலண்ணே. “தெரியலன்னா சவத்த விடு. பேச்சின்னு பேரு வச்சுக்கிட்டு பேசதுக்கு பயப்படுத ஒரே ஆளு நம்ம ஊருல நீதான்,” என்று சொல்லிவிட்டுத் தன் சிரிப்பு அந்த வராந்தாவில் பெரிதாகக் கேட்டதும் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறான். தரையில் பினாயில் வாசனை. எதிர்ச் சுவரில் ஏதோ மாநாட்டுப் போஸ்டர், அதில் ஒரு வெளிநாட்டு நகரத்தின் ஆறு. தண்ணீர் மெஷின் அவ்வப்போது தனக்குள் எதையோ விழுங்குகிறது. என்னையும் சேர்த்து ஏழெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். மற்றவர்கள் ஒருவரோடொருவர் இங்கிலீஷில் மெதுவாகப் பேசிக்கொள்கிறார்கள், யாரும் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. ரயிலில் முன்பதிவு இல்லாத பெட்டி, ஒரே ஒரு இடம், அதில் என்னை உட்கார வைத்துவிட்டுக் கதவோரம் நின்றே வந்தான், நீ தூங்குட்டி, நாளைக்கு உனக்குத்தான் மூளை வேணும், எனக்கு எதுக்கு என்றான். நான் தூங்கினேன். அதை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது, நன்றாகத் தூங்கினேன்.

எந்த இடத்தில் விழுந்தது? திரும்ப முதலிலிருந்து போகிறேன். அந்த ஐந்து எண்களையும் தள்ளினேன், சரி. பதினேழு வகுக்காது என்றேன், ஏனென்றால் பதினேழு இதை வகுத்தால் பத்து லட்சத்தையும் வகுத்தாக வேண்டும், பத்து லட்சத்துக்குள் இரண்டும் ஐந்தும் தவிர ஒன்றும் கிடையாது. சரி. மற்றவற்றை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். எதுவரை போவாய் என்று மீசைக்காரர் கேட்டார். இது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஓர் எண்ணை இரண்டு காரணிகளாகப் பகுத்தால் இரண்டில் சின்னது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது, ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம், அதனால் ஆயிரத்துக்குக் கீழே உள்ள பகா எண்களோடு நிறுத்திக்கொள்ளலாம், அவற்றில் கடைசி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. இதைத்தான் சொன்னேன். அங்கேதான் மீசைக்காரர் பேனாவைக் கையில் எடுத்தார். ஷ்யூர்? என்றார். எஸ் சார் என்றேன். மறுபடியும், அந்த எண்ணேதானா, ஷ்யூர்? என்றார், குரல் இன்னும் மெதுவாக இருந்தது, ஒரு குழந்தையிடம் கேட்பது மாதிரி. எஸ் சார், இட் ஈஸ் எ பிரைம் என்றேன். அது பகா எண்தான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அவர் இரண்டாம் முறை கேட்டபோது என் வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது, என்னவோ தப்பு என்று. தலைக்குத் தெரியவில்லை. வயிற்றுக்குத் தெரிந்தும் ஏன் எஸ் சார் என்றேன்? ஒரு பெரியவர் கேட்டால் ஆமாம் என்று சொல்வது எனக்கு மூச்சுவிடுவது மாதிரி. கல்லூரியில் புரிந்ததா என்பார்கள், ஆமாம் சார். பஸ்ஸில் சில்லறை இருக்கிறதா, ஆமாம் சார், என்று சொல்லிவிட்டு அப்புறம் பையில் தேடுவேன். இல்லை என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும், அந்தத் தைரியம் வர, வீட்டில் யாராவது இல்லை என்று சொல்லிப் பழகியிருக்க வேண்டும். அம்மா தறி முதலாளியிடம் இல்லை என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

பகா எண். நல்ல சொல். இங்கிலீஷில் பிரைம் என்றால் முதன்மை, பெரிய ஆள். நம்முடையதில் அந்தப் பெருமையெல்லாம் கிடையாது, பகாதது, பங்கு போடாதது, அவ்வளவுதான். ஆறாம் வகுப்பில் அந்தச் சொல்லைக் கேட்ட அன்றைக்கு வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்த அதிரசம் ஏழு இருந்தது, நாங்கள் மூன்று பேர். ஏழு பகா எண்ணும்மா, பங்கே போட முடியாது என்றேன் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. அம்மா, அப்போ பங்கு போடவேண்டாம், ஏழையும் நாளைக்கு வைப்போம் என்றாள். அண்ணன் ஆளுக்கு இரண்டு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை என் தட்டில் போட்டு, இவ்வளவுதானட்டி ஒங் கணக்கு என்றான். அவன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். நிற்கவில்லை, நிறுத்தினார்கள், அப்பா இறந்த வருஷம். அதை அவன் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் நான் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பேன், சண்டை போட்டிருப்பேன், இந்நேரம் தீர்ந்திருக்கும். சொல்லாததால் அது என்னோடு எல்லா ஊருக்கும் வருகிறது, இப்போது இந்த பெஞ்சில் எனக்கும் அவனுக்கும் நடுவில் எங்கள் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கு எனக்கு இடம் கிடைக்கவில்லையென்றால் அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். சவத்த விடு என்பான். பரோட்டா வாங்கிக் கொடுப்பான். அதுதான் பயம்.

“உள்ள என்னதான் கேட்டாவ? எனக்குப் புரியாட்டியும் சொல்லு,” என்கிறான். சும்மா இருக்கச் சொல்லலாம் என்று வாயைத் திறந்து, சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய நம்பரச் சொல்லி, அது எதாலயும் வகுபடுமான்னு கேட்டாவண்ணே. எது வரைக்கும் வகுத்துப் பாப்பன்னு கேட்டாவ. “நீ என்ன சொன்ன?” தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு வரைக்கும்னு சொன்னேன். “அது சரியா?” சரிதான். “சரின்னா பின்ன என்னத்துக்கு இப்படி உக்காந்திருக்க? கோட்டி, கிறுக்கு.” அப்புறம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “ஏட்டி, நீ இங்கிலீசுல பேசி நான் கேட்டதே இல்ல. உள்ள எப்படிச் சொன்னியோ அப்படியே ஒருக்கா சொல்லு,” என்கிறான். போண்ணே. “சொல்லுட்டி. அம்மா கேப்பா, எப்படிப் பேசினான்னு. நான் என்ன சொல்ல?” அவன் முகத்தைப் பார்த்தேன். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்க ஆசைப்படுகிறான். சரி என்று, உள்ளே சொன்ன அதே குரலில், அதே வேகத்தில் சொன்னேன்: “அப் டு நைன் தவுசண்ட் நைன்டி செவன், சார்.”

அண்ணன் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தான். நான் சொன்னது எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. நைன் தவுசண்ட். ஒன்பதாயிரம். தொள்ளாயிரம் அல்ல, ஒன்பதாயிரம். நான் சொன்னது 997 அல்ல, 9,097. கை எழுதியிருந்தால் சரியாக எழுதியிருக்கும், கை ஒரு நாளும் இதில் தப்பியதில்லை. வாய்தான். எல்லாவற்றையும் இங்கிலீஷில் யோசிக்கப் பழகிவிட்டேன், தேற்றங்கள், நிரூபணங்கள், சண்டைகூட ஹாஸ்டலில் இங்கிலீஷில் போட்டிருக்கிறேன். எண்கள் மட்டும் வர மாட்டேன் என்று ஊரிலேயே இருந்துவிட்டன. எண்ணும்போது உள்ளே தமிழ்தான் ஓடுகிறது, வாய்ப்பாடு தமிழ்தான், வாய்க்கு வரும்போது அவசர அவசரமாக மாற்றிக்கொள்கிறேன், சட்டை மாற்றுவது மாதிரி. தொள்ளாயிரத்தை மாற்றும்போது அதன் வாலில் இருந்த ஆயிரம் முதலில் வெளியே வந்துவிட்டது. எட்டுநூறு எண்ணூறு. அதற்கு அடுத்தது ஒன்பது நூறாக இருக்க வேண்டாமோ, அதற்கு மட்டும் ஏன் ஆயிரத்தின் பெயர்? எண்பதுக்கு அடுத்தது மட்டும் ஏன் நூறின் பெயரில் தொண்ணூறு? ஒன்பது வந்தாலே நம் சொல் அடுத்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. எனக்குக் காரணம் தெரியாது. எத்தனை வருஷம் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைகூட அதற்குள் ஆயிரம் இருப்பதைப் பார்த்ததில்லை. அண்ணனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. “தொள்ளாயிரம்,” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். “தொள்... ஆயிரம். ஆமாட்டி! ஆயிரம் உள்ளதான் கெடக்கு!” இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துச் சிரித்தான், அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி, “அவங்களுக்கு அது தெரியாதுல்ல?” என்றான்.

தெரியாது. மீசைக்காரர் வங்காளி, கதவில் பேராசிரியர் மல்லிக் என்று பெயர் இருக்கிறது. மற்ற இரண்டு பேரும்கூட வடக்கேதான். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இந்தப் பெண் பத்து லட்சத்துக்கு வர்க்கமூலம் ஒன்பதாயிரம் என்கிறாள், இரண்டு தடவை கேட்டும் ஆமாம் என்கிறாள். அதோடு போகட்டும் என்றால், இட் ஈஸ் எ பிரைம் வேறு. 9,097 பகா எண்ணா? ஒன்பதும் பூஜ்யமும் ஒன்பதும் ஏழும், ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் பதினொன்று. பதினொன்றால் போகும். பதினொன்றை எண்ணூற்று இருபத்தேழால் பெருக்கினால் ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றேழு. ஐயோ. பகு எண்ணைப் பகா எண் என்று சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அவர்கள் மூன்று பேரும் அந்த நிமிஷமே பதினொன்றைப் பார்த்திருப்பார்கள். மேடம் அதனால்தான் மேஜையைப் பார்த்தார், எனக்காக வெட்கப்பட்டு. போய்ச் சொல்லிவிட்டால் என்ன? சொன்னால் என்ன நினைப்பார்கள், வெளியே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து கதை விடுகிறாள் என்றா? வாய் தவறிவிட்டது என்று எல்லோரும்தான் சொல்வார்கள். அதைவிட, இதைச் சொல்வதென்றால் நான் தமிழில்தான் எண்ணுகிறேன் என்றும் சொல்ல வேண்டும். தமிழ் மீடியம் என்பதை விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன், மறைக்கவில்லை, ஆனால் எழுதுவது வேறு, போய் நின்று காட்டுவது வேறு. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் அந்த அறைக்குள் 9,097 ஒரு பகா எண்ணாக இருந்துகொண்டே இருக்கும், நான் சொன்னதாக. இடம் கிடைக்காமல் போவதுகூடப் பரவாயில்லை, அது என் பெயரில் அப்படியே இருக்குமே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. இதை அண்ணனுக்கு எப்படிச் சொல்வது. சொல்ல வேண்டியிருக்கவில்லை. “போயி சொல்லிட்டு வா,” என்றான். எடுக்க மாட்டாவண்ணே. “எடுக்கதுக்காவா சொல்லச் சொன்னேன்? இப்படியே ஊருக்கு வந்தன்னா நீ ஒரு மாசம் சோறு திங்க மாட்ட. எனக்குத் தெரியும் ஒன்ன.”

கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அட்டெண்டரிடம் போனேன். நீலச் சட்டை, மடியில் மடித்த செய்தித்தாள். அண்ணா, ஒரே ஒரு நிமிஷம் உள்ளே போகணும், ஒன்று தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். “தப்பா சொல்லாத யாருமா இருக்காங்க இங்க?” என்றார் நிமிராமல். “காலைலேந்து அல்லாரும் இதான் சொல்றாங்கோ. ஒருதபா உள்ள போய்ட்டு வந்தா அவ்ளோதாம்மா, ரூல்ஸு. போய் உக்காரு.” பின்னாலிருந்து அண்ணன், “தங்கச்சி பொய் சொல்லாதுங்க,” என்றான். அட்டெண்டர் இப்போது நிமிர்ந்து அவனை ஒரு பார்வை பார்த்தார், அவன் சட்டைக் கைப் பொத்தானைப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. “பொய் சொல்லுதுன்னு நான் சொன்னனா? இப்ப டீக்கு எந்திரிப்பாங்கோ. வெளிய வந்தா நீயா பேசிக்கோ, நான் பாக்கல,” என்று செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார். கதவுக்கு எதிரே சுவரோரம் நின்றேன். நிற்க நிற்கப் பயம் வந்தது. பயம் வந்தால் எதையாவது வகுப்பேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், ஊசி போட வரிசையில் நிற்கும்போது பஸ் நம்பரையெல்லாம் வகுப்பேன். எண்ணூற்று இருபத்தேழு. இரண்டால் போகாது. எட்டும் இரண்டும் ஏழும் பதினேழு, மூன்றால் போகாது. ஐந்தால் இல்லை. எண்ணூற்று இருபத்தாறு ஏழால் போகும், ஒன்று தாண்டிவிட்டது. பதினொன்றுக்கு எண்ணூற்று இருபத்தைந்து, இரண்டு தாண்டிவிட்டது. பதின்மூன்றுக்கு எண்ணூற்றுப் பத்தொன்பது. பதினேழுக்கு எண்ணூற்றுப் பதினாறு. பத்தொன்பதுக்கு எண்ணூற்றுப் பதினேழு. என்ன சமர்த்தான எண், கூப்பிடுகிற ஒருவருக்கும் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே எதிரே நிஜக் கதவு திறந்து, அடுத்த பையன் வியர்வையோடு வெளியே வந்தான், அவனுக்குப் பின்னால் மீசைக்காரர் கையில் கோப்பையோடு வந்தார்.

சார் என்றேன். அவர் நின்றார். நான் பயிற்சி செய்து வைத்திருந்த இங்கிலீஷ் வாக்கியம் எங்கேயோ போய்விட்டது, “தொள்ளாயிரம், சார்,” என்று தமிழில் சொன்னேன். அவர் புருவத்தைத் தூக்கினார். அதற்குப் பிறகு எப்படியோ சொல்லிவிட்டேன், இங்கிலீஷில்தான், துண்டு துண்டாக. என் மொழியில் நைன் ஹண்ட்ரட் என்பதற்கான சொல்லுக்குள் தவுசண்ட் இருக்கிறது சார், நைன்டிக்குள் ஹண்ட்ரட் இருக்கிறது, நான் தமிழில் எண்ணினேன், சொல்லும்போது உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது, நான் நினைத்தது 997, இதைச் சொல்லத்தான் நின்றேன், வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவர் தேநீரை ஒரு வாய் குடித்தார். “எங்கள் வங்காள மொழியில் இருபத்தொன்பதை முப்பதின் பெயரை வைத்துத்தான் சொல்வோம், ஒன்று குறைந்த முப்பது என்று,” என்றார். “சின்ன வயதில் முப்பத்தொன்பதோடு குழப்பிக்கொண்டு அக்காவிடம் குட்டு வாங்குவேன்.” சிரிக்கவில்லை, ஆனால் மீசை அசைந்தது. “அது போகட்டும். நான் இரண்டு தடவை கேட்டேனே, ஏன் ஆமாம் என்றாய்? மேடத்துக்கு அதுதான் குறை. எண் தப்பலாம் என்றார் அவர், இந்தப் பெண் நின்று பார்க்கவில்லையே என்றார். உன்னைப் பற்றி நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை, டீக்குப் பிறகு பேசலாம் என்று வைத்திருக்கிறோம்.” எதைச் சொல்வது என்று யோசித்தால் பொய்யாகிவிடும் என்று உள்ளதைச் சொன்னேன்: பயம் சார். நீங்கள் கேட்டதும் தப்பு என்று தெரிந்தது, எது என்று தெரியவில்லை, தெரியவில்லை என்று சொன்னால் அனுப்பிவிடுவீர்கள் என்று நினைத்தேன். அவர் தலையாட்டினார். “அந்த ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றேழு?” பகு எண் சார், பதினொன்றும் எண்ணூற்று இருபத்தேழும். “எண்ணூற்று இருபத்தேழு? அது இன்னும் உடையுமா?”

உடையாது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. “ஷ்யூர்?” என்றார் அவர். எஸ் சார் அங்கேயே நின்றுகொண்டிருந்தது, பழகின நாய் மாதிரி, கூப்பிடாமலே வாலை ஆட்டிக்கொண்டு. பத்தொன்பது வரை பார்த்தேன். வர்க்கமூலம் இருபத்தொன்பதுக்குக் கொஞ்சம் கீழே. நடுவில் ஒன்று இருக்கிறது. “நாட் யெட் சார்,” என்றேன். “ட்வென்டி த்ரீ பாக்கி இருக்கு.” பாக்கி இருக்கு என்பது தமிழில் வந்துவிட்டது, அவருக்குப் புரிந்தது போலிருந்தது, சுவரில் சாய்ந்துகொண்டார். உள்ளேயிருந்து மேடத்தின் குரல் அவரை அழைத்தது, அட்டெண்டர் எழுந்து, சார், உள்ள கூப்டறாங்கோ என்றார். மீசைக்காரர் திரும்பாமல் ஒரு கையை மட்டும் உயர்த்தினார், இருக்கட்டும் என்பது போல. வராந்தாவில் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். இருபத்து மூன்றை முப்பது தரம் கூட்டினால் அறுநூற்றுத் தொண்ணூறு. தொண்ணூறு, நூறு இல்லை, பார்த்துப் போ. இன்னும் ஆறு தரம், நூற்று முப்பத்தெட்டு. இரண்டையும் சேர்த்தால் எண்ணூற்று இருபத்தெட்டு. ஒன்று கூடிவிட்டது. முப்பத்தாறு தரத்துக்கு ஒன்று கூடிப்போகிறது, முப்பத்தைந்து தரத்துக்கு எட்டவே இல்லை. சரியா? இன்னொரு தடவை கூட்டுகிறேன். அவர் தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது, அவசரப்படுத்தவில்லை. பெஞ்சில் அண்ணன் எழுந்து நிற்பது ஓரக் கண்ணில் தெரிகிறது. எண்ணூற்று இருபத்தெட்டுதான். “போகாது சார். இப்ப ஷ்யூர்,” என்றேன். அவர் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். “வா. எனக்குச் சொன்னதை அவர்கள் இரண்டு பேரிடமும் நீயே சொல்,” என்றார். எந்த மொழியில் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.